முட்டைத் திருடனும் அடையாறு நத்தையும்

ரெண்டு நாள் விடாம மழை. மாடம்பாக்கத்துல மழைன்னா என்னன்னு இந்தப் பக்கம் குடியிருக்கிற நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் தண்ணி, ஏரியில் தண்ணி, இன்வெர்ட்டரில் மட்டும் சார்ஜ் இல்லை. மூணாம் நாள் காலையில் லேசா வெயில் எட்டிப் பார்த்ததும், துளசித் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம்னு தூக்கினேன். அடியில் ஜவ்வரிசி கொட்டின மாதிரி இருபது, முப்பது மணிகள். பக்கத்துலயே ஓடில்லாத நத்தை ஒண்ணு, பழுப்பா, ஈரமா, தனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கிற மாதிரி கிடந்தது.

வீட்டம்மா கல்லுப்பு டப்பாவோட வந்துட்டாங்க. ஏழாவது படிக்கிற மகள் குறுக்கே நின்னுட்டா. "முட்டை போட்டிருக்கும்மா, பாவம், விடு."

"பாவம் பார்த்தா ஒரு செடி மிஞ்சாது, நகரு" என்பது எதிர்த்தரப்பு வாதம்.

நடுவுல மாட்டிக்கிட்ட நான், ரெண்டு பக்கமும் வம்பு வேண்டாம்னு நத்தையை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி, பின்பக்கத்துக் காலி மனையில் விட்டுட்டு வந்தேன். முட்டையையும்தான். அப்போ வந்தது கேள்வி. "அப்பா, இந்த முட்டையை யாரு சாப்பிடுவா?" எறும்பு, வண்டு, ஓணான்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வேற நத்தை சாப்பிடுமா?" "சேச்சே, நத்தை முட்டையை நத்தையே தின்னுமா"ன்னு பெரிய மனுஷத்தனமா அடிச்சு விட்டுட்டேன்.

ராத்திரி சந்தேகம் வந்து புரட்ட ஆரம்பிச்சேன். அந்தப் புரட்டல்தான் இந்தப் பதிவு. தின்னுமாம் மக்களே. முதல்ல பொரியும் நிலத்து நத்தைக் குஞ்சுகள், பக்கத்துல இன்னும் பொரியாத முட்டையைத் தின்னும் வழக்கம் பல இனங்கள்ல உண்டு. கடலில் இன்னும் ஒரு படி மேலே: மற்ற நத்தைகளின் முட்டையைத் தின்பதையே முழுநேரப் பிழைப்பா வெச்சிருக்கிற நத்தைகள் இருக்கு. அதுல என்னைப் பிடிச்சு உட்கார வெச்ச விஷயம், இந்தக் கதையில் திரிகோணமலை வருது, வால்டேர் வருது, கடைசியில் நம்ம அடையாறும் வருது.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பம்

'கடல் அட்டை'ன்னு சொன்னா ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துல வேற ஒண்ணைத்தான் நினைப்பாங்க. நட்சத்திர மீனுக்குச் சொந்தக்காரனான உருளை வடிவப் பிராணி அது. 2001-லிருந்து நம்ம நாட்டில் பிடிக்கத் தடை. நான் சொல்ல வர்றது அதை இல்லை. இது சங்கு, சிப்பி குடும்பத்தைச் சேர்ந்தது. நத்தைதான், ஆனா வளர்ந்த பிறகு பெரும்பாலானதுக்கு ஓடு கிடையாது. அதனால 'ஓடில்லாக் கடல் நத்தை'ன்னு வெச்சுக்குவோம். பலதுக்குச் செவுள் முதுகு மேல வெளிப்படையா பூ மாதிரி நிக்கும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன மாதிரி அப்படி ஒரு கலர்.

ஓடு போன பிறகு பாதுகாப்புக்கு என்ன வழி? பெரும்பாலும் விஷம். அந்த விஷத்தைப் பல நத்தைகள் தானா தயாரிக்கறது இல்லை; தான் தின்னும் கடற்பஞ்சில் இருந்து எடுத்துக்குது. இன்னும் சில இனங்கள், கொட்டும் தன்மை உள்ள சின்னச் சின்னக் கடல் உயிர்களைத் தின்னு, அதுங்களோட கொடுக்குச் செல்களை வெடிக்காம பத்திரமா முதுகு மேல இருக்கிற விரல் போன்ற நீட்சிகளோட நுனியில் சேர்த்து வெச்சுக்கும். அதாவது, இந்தக் குடும்பத்துல களவு பரம்பரைத் தொழில்.

இன்னொரு விஷயம். இவை எல்லாமே ஆணும் பெண்ணும் சேர்ந்த ஒரே உடம்பு. அதனால முட்டை போடாத நத்தைன்னு ஒண்ணு கிடையாது. பசை மாதிரியான பொருளில் பொதிஞ்ச முட்டைகளை ரிப்பனா, சுருளா, நூலா பாறையிலோ பாசியிலோ ஒட்டிட்டுப் போயிடும். அடைகாக்கறதோ காவல் நிக்கறதோ பெரும்பாலும் கிடையாது. போட்ட இடத்தில் ஒரு வாரமோ ரெண்டு வாரமோ அந்த ரிப்பன் நகர முடியாம கிடக்கணும். உள்ளே இருக்கறதோ சத்து மிகுந்த கரு. அப்போ யாராவது கண் வெக்காம இருப்பாங்களா?

திருடன் எப்படிச் சாப்பிடுது?

ஃபேவொரினஸ்னு ஒரு பேரினம். பெரும்பாலும் ஓரிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். கொடுக்குச் செல் திருடும் கூட்டத்தோட நெருங்கிய சொந்தம். ஆனா இது ரூட்டை மாத்திக்கிச்சு. முட்டை ரிப்பன் மேலயே ஏறி உட்கார்ந்து, பசையைக் கிழிச்சு, தாடையாலும் அரம் மாதிரியான நாக்காலும் உள்ளே இருக்கிற முட்டையைத் தின்னும். சில சமயம் அதே ரிப்பன் மேல தன்னோட முட்டையையும் போட்டுட்டுப் போகும். வாடகை வீட்டுல சமையலும் முடிச்சு தொட்டிலும் கட்டின கதை.

இதுல அழகு என்னன்னா, திருட்டை மறைக்க முடியாது. இந்த நத்தையின் குடல் கிளை கிளையாப் பிரிஞ்சு, முதுகில் இருக்கிற ஒவ்வொரு விரல் நீட்சிக்குள்ளயும் போகுது. தோல் கண்ணாடி மாதிரி. சிவப்பு முட்டை தின்னா முதுகு சிவக்கும், மஞ்சள் முட்டை தின்னா மஞ்சளாகும். பஜ்ஜி சாப்பிட்டேனான்னு டாக்டர் கேட்கும்போது எனக்கு இந்த உடம்பு இருந்திருந்தா கஷ்டம்தான் :-)

பெரிய விருந்துன்னா அது ஹெக்ஸாபிராங்கஸ் என்ற பெரிய சிவப்பு நத்தையின் முட்டை. ஆங்கிலத்தில் இதை ஸ்பானிஷ் நடனக்காரின்னு சொல்வாங்க. பாவாடை சுழற்றுகிற மாதிரி உடம்பை அலைச்சு நீந்தும். லட்சத்தீவு போன்ற பவளத் திட்டுகளில் இருக்கு. அது போடுற முட்டை ரிப்பன், பாறையில் ரோஜாப்பூ வெச்ச மாதிரி சுருண்டு நிக்கும். உள்ளே லட்சக்கணக்கில் முட்டை. பட்டப்பகலில், பளிச்சுன்னு. மீன் ஏன் தின்னறதில்லை?

1986-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அந்த ரிப்பனில் இருந்து ஒரு நச்சைப் பிரிச்சு எடுத்தாங்க. இஷிகாகி தீவின் கபிரா விரிகுடாவை வெச்சு அதுக்குக் கபிரமைடுன்னு பெயர். 1988-ல் ஜோசப் பாலிக்கும் அவர் கூட்டாளிகளும் இந்த வகை நச்சு எங்கிருந்து வருதுன்னு காட்டினாங்க. நத்தை கடற்பஞ்சைத் தின்னுது, அதில் இருக்கிற நச்சை வாங்கிச் சேர்க்குது, தன் உடம்பைவிட அதிகமா முட்டைக்குள்ள வெச்சு அனுப்புது. மீன்கள் வாயில் வெச்சதும் துப்பிடும்.

காவலுக்கு நிக்காத தாய்னு மேலே கொஞ்சம் குறைவா எழுதிட்டேன், மன்னிக்கணும். அது தன்னால் முடிஞ்ச காவலைக் கூடவே கட்டிக் கொடுத்துட்டுத்தான் போகுது. அந்தக் காவலையும் தாண்டி வந்து சாப்பிடறதுதான் ஃபேவொரினஸ்.

முட்டை திருடர்களில் இன்னொரு கூட்டம் வேற கிளையில் இருந்து வந்தது. பாசி உறிஞ்சும் நத்தைகள்னு ஒரு வகை. நாக்கில் ஒரே வரிசையில் பல். அதில் ஒரு பல்லைக் கத்தி மாதிரி நீட்டி, பாசியின் செல்லைக் குத்தி, உள்ளே இருக்கிற பச்சைச் சாற்றை இளநீர் குடிக்கிற மாதிரி உறிஞ்சும். சுத்த சைவம். ஆனா அந்தச் சைவக் குடும்பத்தில் ரெண்டு பேர் மட்டும் வழி மாறிட்டாங்க. ஐரோப்பாவில் கலியோபியா, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒலியா. யோசிச்சுப் பார்த்தா பெரிய மாற்றம் இல்லை. மெல்லிய சுவர், உள்ளே சத்தான சாறு. பாசிச் செல்லும் அப்படித்தான், முட்டையும் அப்படித்தான்.

பெயர் முதல்ல வந்தது, சாப்பாடு பின்னால தெரிஞ்சது

இனி வரலாறு. இதுக்காகத்தான் இவ்வளவு சுத்தினேன்.

ஃபேவொரினஸ் வகையில் ஐரோப்பாக் கரையில் இருக்கிற இனத்தை நார்வேக்காரர் ஜென்ஸ் ரத்கே 1806-லயே விவரிச்சிருக்கார். பிறகு 1844-ல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் ரெண்டு பேரும் இதே நத்தைக்கு 'வெள்ளை'ன்னு பொருள்படும் வேறொரு பெயர் வெச்சாங்க. 1850-ல் ஜான் எட்வர்ட் கிரே இதுக்கு ஃபேவொரினஸ்னு தனிப் பேரினம் ஏற்படுத்தினார். மூணு பெயர்சூட்டு விழா ஆகிப் போச்சு.

ஆல்டர் - ஹான்காக் ஜோடியை மனசில் வெச்சுக்குங்க. ஓடில்லாக் கடல் நத்தைன்னா அந்தக் காலத்தில் உலகமே இவங்களைத்தான் கேட்கும். இங்கேதான் நம்ம பக்கம் கதைக்குள்ள வருது.

சர் வால்டர் எலியட். சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் பெயர் தந்தவர் இவர்தான்னு குழப்பிக்க வேண்டாம், அவர் எட்வர்ட் எலியட். நம்மாளு 1845-ல் அமராவதி ஸ்தூபியைத் தோண்டியவர். காசு, கல்வெட்டு, பறவை, மீன், செடி எதையும் விடமாட்டார். உள்ளூர் ஓவியர்களை வெச்சு உயிரினங்களை வரைய வைக்கறது அவர் பழக்கம். சென்னை மாகாணத்தின் வட கோடியில், விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேரில் 1850-களின் தொடக்கத்தில் இருந்தப்போ கரையில் கிடைச்ச இந்த நத்தைகளையும் சேர்த்தார். அந்தச் சேகரிப்பும் படங்களும் நியூகாசிலுக்குப் போச்சு. ஆல்டரும் ஹான்காக்கும் 1864-ல் அதை வெச்சு ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டாங்க. அதில் ஒரு நத்தைக்குப் பேரினப் பெயரே 'கலிங்கா'. கலிங்கத்துப் பரணி கலிங்கம்தான்! கலிங்கா ஆர்னேட்டா இன்னிக்கும் அந்தப் பெயரில்தான் இருக்கு.

ஒரு துணுக்கு சொல்லிட்டுப் போறேன். ஸ்காட்லாந்துக்குத் திரும்பின எலியட்டுக்குக் கடைசிக் காலத்தில் கண் பார்வை போயிட்டே இருந்தது. 1887 மார்ச் 1-ஆம் தேதி காலை, ஜி.யு. போப்புக்குத் திருக்குறள் பதிப்பைப் பற்றி ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவெச்சு, தன் கையால் கையெழுத்துப் போட்டார். அன்னிக்கே இறந்து போனார்.

எலியட் வால்டேரில் இருந்த அதே பத்தாண்டில் இலங்கையில் எட்வர்ட் பிரெடரிக் கேலார்ட். 1819-ல் இலங்கையிலேயே பிறந்த பறங்கியர் சமூகத்து மருத்துவர். முத்துச்சிப்பியைப் பற்றி ஆராயச் சொல்லி அரசாங்கம் அவரை நியமிச்சது. திரிகோணமலையில் இருந்துகொண்டு முத்துச்சிப்பியோட சேர்த்து இந்த நத்தைகளையும் கவனிச்சு, 1858, 1859-ல் டஜன் கணக்கில் புது இனங்களை விவரிச்சார். அதில் ஒண்ணு இப்போ ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கான்னு அழைக்கப்படுது. வெள்ளை உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி. இந்த ஜிம்னோடோரிஸ் கூட்டம் முட்டையோட நிக்கறதில்லை. பல இனங்கள் மற்ற நத்தைகளையே பிடிச்சு விழுங்கும். சிலோனிக்காவுக்குப் பிடிச்ச உணவு கடல் முயல்னு சொல்ற இன்னொரு ஓடில்லா நத்தை. ஒரு சொந்தக்காரன் மீன் துடுப்பைப் பிடிச்சுத் தொங்கியே பிழைக்கிறான்.

கேலார்ட் 1860-ல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே காலமானார். வயசு நாற்பதுதான்.

அவர் விட்டுட்டுப் போன படங்களையும், நியூகாசில் ஹான்காக் அருங்காட்சியகத்தில் இருந்த சேகரிப்பையும் வெச்சு, தென்னிந்தியா - இலங்கை நத்தைகளைப் பற்றி 1906-ல் எழுதியவர் சர் சார்லஸ் எலியட். எலியட் நம்பர் டூ. பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவின் கமிஷனரா இருந்தவர், பிறகு ஜப்பானில் தூதர், நடுவுல இந்து, பௌத்த சமயங்களைப் பற்றி மூணு தொகுதி எழுதினவர். இத்தனைக்கும் நடுவில் நத்தை. இவரும் 1931-ல் கப்பல் பயணத்தில்தான் இறந்தார்.

இவர் தூதரா இருந்த காலத்தில் ஜப்பானின் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ. பின்னாளில் அரசர், கூடவே கடல் உயிரியல் பைத்தியம். சகாமி விரிகுடாவில் அவர் சேகரிச்ச நத்தைகளை கிகுதாரோ பாபா 1949-ல் புத்தகமாக்கினார். ஸ்பானிஷ் நடனக்காரி முட்டையைத் தின்னும் ஃபேவொரினஸ் ஜப்போனிக்கஸ், பாபா அந்த 1949-ல் பெயரிட்ட இனம். முட்டைத் திருடனுக்கு வந்த வாழ்வு பாருங்க, அரசருடைய சேகரிப்புப் பக்கத்தில் இடம்!

இப்போ கவனிங்க. இவ்வளவு பெயர், படம், கட்டுரை. ஆனா இது என்ன சாப்பிடுதுங்கிற கேள்விக்கு மேலே சொன்ன எதுவும் பதில் இல்லை. சாராயத்தில் ஊறின நத்தையோட பல்லை எண்ணலாம், செவுளை வரையலாம். அது நேத்து யார் முட்டையைத் தின்னதுன்னு கேட்க முடியாது. அதுக்கு உயிரோட இருக்கிறதைத் தொட்டியில் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும்.

1962-ல் ஹேஃபெல்ஃபிங்கர் என்பவர் சுவிஸ் விலங்கியல் இதழ் ஒண்ணில் மத்தியதரைக்கடல் ஃபேவொரினஸ், கலியோபியா ரெண்டும் எப்படி உணவு எடுக்குதுன்னு தனிக் கட்டுரையே எழுதினார். அமெரிக்கக் கரையின் ஒலியாவுக்கு 1923-லயே பெயர் வெச்சாச்சு. ஆனா அதன் தீனியைப் பற்றிய கட்டுரை 1971-ல் வந்தது. 1973-ல் சியா, ஸ்கீல் ரெண்டு பேரும் அது எவ்வளவு சாப்பிட்டா எவ்வளவு வளருது, எத்தனை முட்டை போடுதுன்னு கணக்கே போட்டாங்க. ரத்கே பெயர் வெச்சதுக்கும் ஹேஃபெல்ஃபிங்கர் எழுதினதுக்கும் நடுவில் நூத்தி அம்பத்தாறு வருஷம்.

சென்னையில் உட்கார்ந்து பார்த்தவர்

இதைப் படிச்சிட்டிருக்கும்போது மனசுக்குள்ள ஒரு நப்பாசை. நம்ம ஊர்ல யாரும் அப்படி உட்கார்ந்து பார்க்கலையா?

பார்த்திருக்காங்க. கே. வீரபத்ர ராவ். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகம். 1936-ல் மேலே சொன்ன கலிங்கா ஆர்னேட்டாவின் உடல் அமைப்பைப் பற்றி விரிவா எழுதினார். அடுத்த வருஷம், 1937-ல், சென்னையில் கிடைச்ச ஒரு புது நத்தைக்கு ஸ்டைலிஜர் கோபாலைன்னு பெயர் வெச்சார். அந்த ஆய்வகத்தை அப்போ நடத்தி வந்தவர் ஆர். கோபால அய்யர், பெயர் எங்கிருந்து வந்திருக்கும்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். இது அந்த பாசி உறிஞ்சும் சைவக் குடும்பம்! முட்டைத் திருடனான கலியோபியாவையும் அந்தக் காலத்தில் ஸ்டைலிஜர்னுதான் சொல்வாங்க. ராவோட கட்டுரைத் தலைப்பிலேயே அமைப்பு, பழக்கவழக்கம், ஆரம்ப வளர்ச்சின்னு மூணும் இருக்கு. பழக்கவழக்கம்னா உயிரோட வெச்சுப் பார்த்தாதான் எழுத முடியும்.

(அதே 1937-ல்தான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்தில் இருந்து எங்க தாம்பரத்துக்குக் குடி வந்தது. சம்பந்தம் இல்லைதான். ஊர்ப்பாசம், பொறுத்துக்குங்க.)

1952-ல் ராவ் இன்னொரு நத்தைக்குப் பெயர் வெச்சார். குதோனா அடையாரென்சிஸ். அதேதான், அடையாறு! திரு.வி.க. பாலத்து மேல மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறோமே, அந்த அடையாறு. 1961-ல், அப்போ மண்டபம் முகாமிலிருந்து வந்துகொண்டிருந்த இந்தியக் கடல் உயிரியல் சங்க இதழில், முட்டையில் இருந்து வளர்ந்த நத்தை வரைக்கும் அதோட வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

அந்த வரியைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடையாறுன்னு பெயர் வாங்கின நத்தை ஒண்ணு இருக்கு. அதோட முட்டையைப் பொரிய வெச்சு, வளர்த்து, ஒருத்தர் பொறுமையா எழுதி வெச்சிருக்கார். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, அந்தப் பெயரை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

எங்க வீட்டுத் தண்ணி எங்கே போகுது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கிட்டு அடையாறு முகத்துவாரத்துக்குப் போனேன், பட்டினப்பாக்கம் பக்கத்து உடைஞ்ச பாலத்துக்கு. நத்தை தேட இல்லை. சும்மா, அந்த இடத்தைக் காட்ட. கறுப்புத் தண்ணி, மிதக்கிற தெர்மோகோல், நடுவுல நீர்க்காகம் ஒண்ணு. "இங்கயா அப்பா முட்டை போட்டுச்சு?"ன்னு கேட்டா.

திரும்பி வரும்போது இன்னொரு கேள்வி. "நம்ம ஏரித் தண்ணியும் இங்கதான் வருமா?"

அதுக்கு மட்டும் எனக்கு விடை தெரியும். மாடம்பாக்கம் ஏரி நிரம்பினா செம்பாக்கம் வழியாப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியா முட்டுக்காடு தாண்டி கோவளம் முகத்துவாரத்தில் கடல். நம்ம பங்கு அடையாறுக்குப் போறதில்லை. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துத் தண்ணிதான் அங்கே போகும். 2015 டிசம்பரில் அது எப்படிப் போச்சுன்னு எல்லாரும் பார்த்தோம்.

சொல்லும்போது நாக்கு கொஞ்சம் குழறிச்சு. ஏன்னா, சில வருஷம் முன்னால எங்க வீட்டுச் செப்டிக் டேங்க் மழையில் நிரம்பினப்போ, லாரிக்குச் சொல்லி அலுத்துப் போய், ராத்திரியோட ராத்திரியா மோட்டார் வெச்சு மழைநீர்க் கால்வாயில் விட்டது நான்தான். தெருவில் முக்கால்வாசிப் பேர் அதைத்தானே செய்யறாங்கன்னு அன்னிக்கு ஒரு சமாதானம். அந்தத் தண்ணி செம்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் தாண்டி எங்கே போய்ச் சேர்ந்ததுன்னு இப்போ வரிசையாச் சொல்லத் தெரியுது. அன்னிக்கும் தெரியும். நினைச்சுப் பார்க்கலை, அவ்வளவுதான்.

முட்டை ரிப்பன் நகராது. மீன் வந்தா அதுக்குள்ள நச்சு இருக்கு. ஃபேவொரினஸ் வந்தாலும், அது ஓரிரண்டு சென்டிமீட்டர் உடம்பு. வயிறு நிறையுற அளவுதான் தின்னும், மிச்சம் பொரியும். ரெண்டு பேரும் சேர்ந்து ரொம்ப காலமா ஓட்டிக்கிட்டுதான் இருக்காங்க. மேலே இருந்து வர்ற சாக்கடைக்கு எதிரா மட்டும் எந்தத் தாய் நத்தையும் எதையும் கட்டிக் கொடுத்து அனுப்பலை.

'முட்டைத் திருடன்'னு தலைப்பில் போட்டுட்டேன். இப்போ அந்தச் சொல்லு கொஞ்சம் உறுத்துது. மாத்தலாமான்னு யோசிச்சேன். மகள் வேண்டாம்னுட்டா. "இருக்கட்டும்பா, யாரைச் சொல்றேன்னு கடைசி வரைக்கும் படிச்சவங்களுக்குப் புரியும்." ஏழாவது படிக்கிற பிள்ளை பேசற பேச்சா இது!

அந்தக் காலி மனைக்கு நேத்து போய்ப் பார்த்தோம். சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஜவ்வரிசி மணி எதுவும் இல்லை. பொரிஞ்சு போயிருக்கும்னு அவ சொல்றா. யாரோ சாப்பிட்டிருக்கலாம்னு எனக்கு வாய் வரைக்கும் வந்தது, சொல்லலை. கல்லுப்பு டப்பா இப்போ சமையலறையில் மேல் தட்டுக்குப் போயிருக்கு. செப்டிக் டேங்குக்கு மழைக்கு முன்னாலயே லாரிக்குச் சொல்லி வெச்சாச்சு.

கடலோரத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழவேற்காடு, கோவளம், நாகை, மண்டபம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், திரிகோணமலை எந்தப் பக்கமா இருந்தாலும் சரி: இந்த ஓடில்லா நத்தைக்கு, பாறையில் ஒட்டியிருக்கிற அந்த முட்டை ரிப்பனுக்கு உங்க ஊர் மீனவர்கள் ஏதாவது பெயர் வெச்சிருந்தா பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. கலிங்கம், சிலோன், அடையாறுன்னு லத்தீனில் பெயர் இருக்கு. தமிழ்ப் பெயர் தெரிஞ்சா எங்க வீட்டுல ஒருத்தி நோட்டுல எழுதிக்கக் காத்துக்கிட்டிருக்கா.